முதன்முதலாகப் பார்த்த வலிப்பு

குற்றாலத்தை ஒட்டிய இலஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தும் முப்பத்திரண்டு வயதுவரை நான் குற்றால அருவியில் குளித்ததில்லை. ஏழாம் வகுப்பில் வலிப்பு வந்த நாளிலிருந்து வீட்டில் என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. இந்தச் சாரல் பருவத்தில்தான் டாக்டர் சரி என்றார். நாலு வருடமாக வலிப்பு வரவில்லை, மாத்திரையும் ஒருவேளை தவறவில்லை. தண்ணீர் குறைவாக விழும்போது, துணையோடு, ஓரமாக நின்று குளிக்கலாம் என்றார்.

மறுநாள் காலையிலேயே மதினியை, என் அண்ணன் மனைவியை, இழுத்துக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். பெண்கள் வரிசையில் நிற்கும்போதே கால் தரையில் பாவவில்லை. மதினி என் கையை விடவேயில்லை. தண்ணீர் தோளில் அறைந்ததும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, வரிசையில் தன் அம்மாவோடு நின்ற ஒரு கல்லூரிப் பெண் விறைத்துச் சாய்ந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் கூடிவிட்டது. யாரோ சாவிக்கொத்தை அவள் கையில் திணிக்க, ஒருத்தி பல்லுக்கிடையில் கரண்டி வைக்கப் பார்த்தாள்.

எனக்கு வந்ததுண்டே தவிர, வலிப்பை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கிறேனா என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி நர்ஸ் என் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். "வாயில ஒண்ணும் வைக்காதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க, காத்து வரட்டும்" என்றேன். துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தேன். மதினியிடம் மணி பார்க்கச் சொன்னேன். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இழுப்பு இரண்டரை நிமிடத்தில் அடங்கியது. அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். எச்சில் வழிந்து வெளியேறியது, மூச்சு சீரானது.

நான் இத்தனை வருடம் பயந்து ஒளித்துவைத்தது இந்த இரண்டரை நிமிடத்தைத்தானா!

அவள் கண் திறந்து திருதிருவென்று விழித்தாள். குற்றாலத்தில் இருக்கிறாய், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று காதோரம் மெதுவாகச் சொன்னேன். முழுத் தெளிவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கவிடவில்லை.

அழுதுகொண்டிருந்த அந்த அம்மா, "நீங்க நர்ஸாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. எனக்கும் இது வரும்."

வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என் ஈரத் தலையையே பார்த்தாள். பிறகு, எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று விடாமல் கேட்க ஆரம்பித்தாள். மாத்திரையை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றேன், ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன். பேச்சு நிற்கவில்லை. மதினி இரண்டு ஆட்டோவை விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.