நீலப் போர்வை வளைவு

என் மாமனார் வாழ்நாளில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு வீடு வாய்த்தது கார் பந்தயத் தடத்தின் நட்டநடுவில். ஊரில் அவருக்குப் பெயரே 'முப்பது'தான். முப்பது வீட்டுக்கு எப்படிப் போவது என்று யாரையாவது கேட்டால், "இன்னைக்கு ரேஸ் இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

வீடு அங்கே போய் உட்காரவில்லை. தடம்தான் வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டது. ஆதியில் அது கைவிடப்பட்ட விமான ஓடுதளம். பணமிருந்து பொழுது போகாத நாலு பேர் இரண்டு முனையிலும் தகர டிரம்மை வைத்துவிட்டு, அங்கும் இங்கும் கார் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு கிளப் ஆரம்பித்துப் பக்கத்து நிலங்களை வாங்கி, கிழக்கே ஒரு வளையம் போட்டார்கள். மாமனாருடைய அப்பா மட்டும் நிலத்தைக் கொடுக்கவில்லை. மண்மேல் பாசமெல்லாம் இல்லை. விலை பேச வந்தவர் செருப்புச் சேற்றோடு கூடத்துக்குள் நடந்துவிட்டார், அவ்வளவுதான். அந்தச் சேற்றுக்காக ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாகக் காது அடைத்துக்கொண்டு வாழ்கிறது.

மூன்றாவது முறை கிளப்காரர்கள் மேற்கேயும் இழுத்து வட்டத்தை மூடிவிட்டார்கள். வழி வேண்டும் என்று மாமனார் வழக்குப் போட்டார். தாராளமாகக் கொடுக்கிறோம் என்று கிளப் ஒப்புக்கொண்டது. நாலு லாரி அகலத்தில், கண்ணாடி மாதிரி தார் போட்டு, ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் இல்லாத வழியாகத்தான் கொடுத்தார்கள். அது வட்டமாக இருந்தது, ஒருவழிப் பாதையாகவும் இருந்தது. உப்பு வாங்க வேண்டுமென்றால் அரைச் சுற்று போய் வெளிவாசல். வாங்கிக்கொண்டு வந்தால் மீதி அரைச் சுற்று வீடு. ஒரு சுரங்கப்பாதையும் வெட்டினார்கள், அதில் தண்ணீர் தேங்கி இப்போது தவளைகள் குடியிருக்கின்றன. பந்தய வாரம் வந்துவிட்டால் பால்காரர், தபால்காரர், கேஸ் சிலிண்டர் வண்டி, ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள்.

மாமனார் பிழைப்புக்கு வைத்திருந்தது டிரைவிங் ஸ்கூல். மஞ்சள் வண்டி ஒன்று. முன்னால் 'எல்' போர்டு, பின்னால் 'பதறாத காரியம் சிதறாது' என்று எழுத்து. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது சீட்டின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பந்தயம் இல்லாத நாளில் அந்தத் தடத்திலேயே வகுப்பு நடக்கும். தடம் முழுக்க வலப்பக்கமே வளையும். இடப்பக்கம் திருப்புகிற பாடம் வெளிவாசலில் மட்டும்தான். அதனால் அவரிடம் படித்தவர்கள் ஊருக்குள் வந்ததும், இடது பக்கம் போக வேண்டிய இடத்தில் மூன்று தரம் வலது பக்கம் திரும்பிப் போய்ச் சேர்வார்கள். நானும் அவரிடம் படித்தவன்தான். வண்டி ஓட்ட வரவில்லை, பெண் கிடைத்தாள்.

இனி போர்வை. தடத்தின் நீண்ட நேர்பாதை முடிந்து வளைகிற இடத்தில்தான் வீட்டின் பின்பக்கம். அங்கே மதில் மேல் தெரிகிற மாதிரி மாமியார் துணி காயப்போடுவார். பந்தயக்காரர்கள் பிரேக் போட ஏதாவது ஓர் அடையாளம் வைத்துக்கொள்வார்கள். மரம், கம்பம், இப்படி. இங்கே அவர்களுக்கு அகப்பட்டது மாமியாரின் நீலப் போர்வை. நீலம் கண்ணில் பட்டதா, பிரேக்கை அழுத்து. இது பரம்பரையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டு, அந்த இடத்துக்கே நீலப் போர்வை வளைவு என்று பெயராகிவிட்டது. ஒருமுறை மாமியார் கோடு போட்ட விரிப்பைக் காயப்போட, இரண்டு கார்கள் வளையாமல் நேரே மணலுக்குள் போய்ச் சொருகிக்கொண்டன. மறுநாள் கிளப் செயலாளர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பந்தய நாளில் தயவுசெய்து நீலமே காயவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்று முதல் மாமியார் அழுக்கே ஆகாத ஒரு போர்வையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில், ஒரு திங்கட்கிழமை. கல்யாணம் முடிந்த கையோடு அவளையும் கூட்டிக்கொண்டு போய், மறுநாள் நான் வெளியூரில் வேலையில் சேர வேண்டும். அன்று தவறினால் திரும்பி வர ஆறு மாதமாகும், அதற்குள் என் அம்மா மனம் மாறிவிடுவாள். அவளுக்கு இந்தச் சம்பந்தம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய பந்தயம் மழையால் நின்றுபோய், திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. காலையில் மாமனார் கிளம்ப நினைத்தபோது வெளிவாசலைப் பூட்டிவிட்டார்கள். அவர் செயலாளருக்குப் போன் போட்டார்.

"டிவில லைவ் போகுதுங்க. சாயங்காலம் வரைக்கும் ஈ, காக்கா உள்ள வரக்கூடாது" என்றார் செயலாளர்.

"ஈ, காக்கா வரலை சார். என் பொண்ணு வெளிய போகணும்."

"கல்யாணத்த நாளைக்கு வச்சுக்கங்களேன்."

மாமனார் சண்டை போடத் தெரியாதவர். போனை வைத்துவிட்டு, பட்டுச்சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பின்பக்கம் போனார், கொடியிலிருந்து நீலப் போர்வையை எடுத்தார், மடித்து மகளின் பெட்டியில் வைத்தார்.

"என்னடி இது, ரேஸுக்கு வேணுமே" என்று மாமனார் பதறினார்.

"போர்வை போத்திக்கறதுக்கு. ரேஸுக்குன்னு எந்தக் கடையில விக்கிறாங்க?"

பந்தயம் தொடங்கியது. முதலில் வந்தவன் நீலத்தைத் தேடிக்கொண்டே போய் மணலில் இறங்கினான். அடுத்தவன் முதலாமவனை நம்பிப் போனான். மூன்றாமவனும் அப்படியே. யாருக்கும் ஒரு கீறல் இல்லை, காதுக்குள் மணல் போனதோடு சரி. இப்படி ஏதாவது ஆனால் கிளப்பின் பாதுகாப்பு வண்டி ஒன்று முன்னால் மெதுவாகப் போகும், மற்ற எல்லாரும் அதை முந்தாமல் பின்னாலேயே வரவேண்டும். அதுதான் விதி. அந்தப் பாதுகாப்பு வண்டியை ஓட்டியவரும் நீலப் போர்வையை நம்பியே தொழில் கற்றவர். அவரும் மணலுக்குள் போனார்.

வளைவில் கொடி காட்டுகிற ஆள் நின்றிருந்தார். அவரும் மாமனாரிடம் படித்தவர்தான். செயலாளர் வாக்கிடாக்கியில் அலறினார்.

"வேற ஏதாவது மெதுவா போற வண்டி இருக்காய்யா அங்க?"

"இந்த ஊர்லயே மெதுவான வண்டி இங்கதான் சார் நிக்குது. பொண்ணு மாலையோட உக்காந்திருக்கு."

இதற்குள் நானும் அம்மாவும் பதிவு அலுவலகத்தில் காத்திருந்து பார்த்துவிட்டு, டாக்சி பிடித்துத் தடத்தின் வெளிவாசலுக்கு வந்துவிட்டோம். பதிவாளர் சாப்பாட்டு நேரம் வரைதான் இருப்பேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைடா இது" என்று அம்மா நின்ற இடத்திலிருந்து ஆரம்பித்தாள். அப்போது ஒலிபெருக்கியில் வர்ணனையாளர் குரல் கேட்டது.

"இப்ப முன்னால ஒரு மஞ்சள் வண்டி வருது. எந்த கம்பெனி வண்டின்னு தெரியலை. பின்னாடி ஏதோ எழுதியிருக்கு. பதறாத காரியம் சிதறாது."

வந்தது. மாமனார் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது சீட்டில் அவள். பின்சீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாமியார். அதற்குப் பின்னால், கோடிக்கணக்கில் விலை போகிற பந்தயக் கார்கள் வரிசையாக உறுமிக்கொண்டு, சூடேறிப் புகை கக்கிக்கொண்டு ஊர்ந்தன. மாமனார் முப்பதில் கூட வரவில்லை, பதினைந்து இருக்கும். வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். இடதுபக்க இண்டிகேட்டர் மின்னியது. அம்மா தலையைச் சரிசெய்துகொண்டாள். நான் கையைத் தூக்கினேன்.

வண்டி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே போனது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏண்டா," என்றாள் அம்மா, "பொண்ணு போகுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று படித்திருக்கிறேன், பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் எட்டாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். இடது பக்கம் திருப்பத் தெரியாத மனிதர் இடது பக்கம் திருப்பச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். ஒரு முழுச் சுற்று. அவ்வளவு நேரமும் வர்ணனையாளர் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் என் மாமனாரின் ஓட்டும் பாணியைப் புகழ்ந்துகொண்டிருந்தார். எங்கோ இரண்டு பந்தயக் கார்கள் சூடு தாங்காமல் நின்றே போயின.

அடுத்த சுற்றில் திரும்பினார். மாமியார் கதவைத் திறந்து இறங்கியதும் நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார், "மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை. அடுப்ப அணைச்சேனான்னு சந்தேகம் வந்துடுச்சு. வீட்டு வழியா போயி எட்டிப் பாத்தோம். பொகை எதுவும் வரலை." மாமனார் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதிவாளர் மேசையைப் பூட்டிவிட்டு எழுந்திருந்தார், அம்மா குறுக்கே நின்று உட்காரவைத்தாள். தன் மருமகளை வேறு யாரும் காக்க வைக்கக்கூடாது, அந்த உரிமை தனக்கு மட்டும்தான் என்று அவளுக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டோம்.

பாதுகாப்பு வண்டிக்குப் பின்னால் போகிற சுற்றும் பந்தயக் கணக்கில் சேரும். ஆகவே அந்தத் தடத்தின் மிக மெதுவான சுற்று என்ற சாதனை இன்றும் மாமனார் பெயரில் இருக்கிறது. யாரும் அதை முறியடிக்க முயற்சிகூடச் செய்யவில்லை. கிளப்காரர்கள் அந்த இடத்தில் நீல வர்ணமடித்த தகரம் ஒன்றை நட்டுப் பார்த்தார்கள். தகரம் காற்றில் ஆடவில்லை, அதனால் ஓட்டுபவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. செயலாளர் எங்கள் வீடு தேடி வந்து போர்வையைக் கேட்டார். தரமுடியாது என்று நானே சொன்னேன். மாமியார் இன்னொரு நீலம் வாங்கித் துவைக்கிறார்.

அடுப்புக் கதையை நான் விடவில்லை. போகும்போதெல்லாம் அதைச் சொல்லி மாமியாரைக் கிண்டல் செய்வேன், அவரும் சிரித்துவிட்டுப் போவார். போன மாதம் அங்கே சாப்பிட உட்கார்ந்தபோதும் ஆரம்பித்தேன். "அத்தை, அடுப்ப அணைச்சீங்களா, இல்ல சாப்பிட்டுட்டு ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வரலாமா?"

மாமியாருக்கு வயதாகிவிட்டது, பொய்களை நினைவு வைத்துக்கொள்ள முடியவில்லை. "எந்த அடுப்பு? அன்னைக்கு கேஸ் தீர்ந்து ரெண்டு நாள் ஆச்சே. ரேஸ் வாரம், சிலிண்டர் வண்டியத்தான் உள்ள விடலையே" என்றார்.

நான் சோற்றில் கை வைத்தபடி மாமனாரைப் பார்த்தேன்.

"நான் திருப்பத்தான் பாத்தேன் மாப்பிள்ளை" என்றார் அவர். "இவ ஒரு கால பிரேக்லயே வச்சிருந்தா. நான் ஆக்ஸிலேட்டர மிதிக்கறேன், வண்டி போகமாட்டேங்குது. வாசல் வந்ததும், அப்பா, இன்னொரு சுத்து போலாம்பான்னா."

கோபப்பட வேண்டியவன் நான்தான். கோபம் வரவில்லை. அன்று வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்த அந்த ஆள் மேல்தான் எரிச்சலாக வந்தது. என் மனைவி எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மூணாவது சுத்தும் கேட்டேன்" என்றாள். "அப்பாதான் வேணாம்னுட்டார். பாவம், அந்தப் பையன் வெயில்ல நிக்கறான்னார்."