எலுமிச்சை சாதத்து அக்காவின் ரிப்போர்ட்

அடையாறில் உணவுப் பொருள்களைச் சோதிக்கும் லேப் ஒன்றில் எனக்கு வேலை. நாள் முழுக்கக் கிருமிகளோடு குடித்தனம் நடத்துகிறவள், வெளியே வாங்கி எதையும் வாயில் வைக்கமாட்டாள் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். நானோ மந்தைவெளி ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அக்கா வீட்டிலேயே ஆக்கி விற்கும் எலுமிச்சை சாதத்தைத்தான் தினமும் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவேன். அந்த ருசிக்கு முன்னால் படிப்பாவது ஒன்றாவது!

அக்காவின் வியாபாரத்தில் பெரும்பாதி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில்தான். குடியிருப்பின் செயலாளர் ஒருநாள் அந்தச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தார். மனிதர் சும்மா இருப்பாரா? டப்பாவில் மிஞ்சியதை எங்கள் லேபுக்கே கொடுத்தனுப்பினார். ரிப்போர்ட் வரும்வரை அக்காவை கேட்டுக்குள் விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு வேறு.

“நான் இன்னா விஷமாம்மா வச்சேன்? அந்த வூடுங்கள நம்பித்தான் என் பொழப்பே கீது. நீயே பாத்து சொல்லு” என்றார் அக்கா.

சாதத்தில் இருந்ததைத் தட்டில் வளர்த்தபோது ரோஸ் கலரில் திட்டுத்திட்டாக வந்தது. ஆறிய சோற்றில் பெருகி வாந்தியைக் கிளப்புமே, அந்த பாக்டீரியா மாதிரியே இருந்தது. மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

“சார், இதுக்குக் கூடப்பிறந்த மாதிரி இன்னொண்ணு இருக்கு. தட்டுல ரெண்டும் ஒரே ஜாடை. ஜீனைப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும்” என்றேன்.

“எல்லாம் ஒரே குடும்பம்தானேம்மா, விடேன்.”

எனக்கு வந்ததே கோபம்! “அண்ணன் திருடினா தம்பியைப் பிடிச்சு உள்ள போடுவீங்களா சார்?” பேனாவை மூடிவிட்டார்.

வாந்தி விஷத்தை உண்டாக்கும் ஜீனைத் தேடினேன். இல்லை. புழுக்களைக் கொல்லும் புரதத்துக்கான ஜீனைத் தேடினேன். ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! அப்படியானால் இது செடிகளுக்கு இயற்கைப் பூச்சிமருந்தாக அடிக்கிற பாக்டீரியா. அக்கா வீட்டில் ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது. செயலாளருக்கு போன் போட்டேன்.

“சாதத்து மேல நீங்க ஏதாவது போட்டீங்களா சார்?”

“பின்ன, வெறும் சாதத்தையா சாப்பிடறது? நம்ம மொட்டைமாடிக் கொத்தமல்லிய அப்படியே பறிச்சுத் தூவிப்பேன். ஒரு சொட்டு கெமிக்கல் கிடையாது. புழுவுக்கு பாக்டீரியாதான் ஸ்ப்ரே பண்றேன்” என்றார், பெருமை பொங்க. வாந்தி எடுத்த அன்று காலை தி. நகரில் ஒரு கல்யாணத்தில் டிபனை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்ததையும் நான் கேட்காமலே சொன்னார்.

ரிப்போர்ட்டை ரசித்து ரசித்து எழுதினேன். வாந்தி உண்டாக்கும் ஜீன் இல்லை, இருப்பது பூச்சிமருந்தாகப் பயன்படும் பாக்டீரியா, மேலே தூவிய கொத்தமல்லியிலிருந்து வந்திருக்கலாம் என்று எல்லாவற்றையும் போட்டேன். அக்காவைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

செயலாளர் நடுவரியை மட்டும் வெட்டி எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ‘சாதத்தில் பூச்சிமருந்து. லேபே உறுதி செய்துவிட்டது.’ நான் முழு ரிப்போர்ட்டையும் போட்டேன், விளக்கினேன், சண்டைகூடப் போட்டேன். கும்பிடு பொம்மைகள் வந்தன. ‘எதுக்கும் ஜாக்கிரதையா இருப்போம்’ என்று ஒரு டாக்டரம்மாவே எழுதினார். அட கஷ்டமே!

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன்.

“ரிப்போர்ட்டு வந்துட்ச்சின்னு கேட்ட தொறந்துட்டாங்கம்மா” என்றார். “வாந்தின்னு சொல்லிக்கினு இருந்தப்பகூட ரெண்டு மூணு வூட்டுக்காரங்க இங்க வந்து வாங்கிக்கினு போனாங்க. பூச்சிமருந்துன்னதும் அவங்களும் நின்னுட்டாங்க.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அக்கா என் பொட்டலத்தைக் கட்டி நீட்டினார்.

“இந்தா, சூடா கீது. இன்னிக்கு உனக்கு மட்டுந்தாம்மா ஆக்குனேன்.”