பிறந்த வீட்டுக் கோடி

ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பர்மாக்காரியான தாய் வைத்த பெயர் மா சேன். புருஷன் சேவுகன் வைத்தது செங்கமலம். ஊர் வைத்தது ரங்கூன்காரி. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததும், சேவுகன் அரிசி ஆலை வேலையை விட்டுவிட்டு அவளைக் கப்பலேற்றிக் கூட்டி வந்திருந்தான்.

வந்த நாளிலிருந்து அவள் தொட்டதெல்லாம் குற்றம். ஊருணியில் குடத்தை முக்கினால் அந்தத் துறை அவளுக்கானதில்லை. மாமியார் கண்ணாத்தாள் முன்னால் சுருட்டைப் பற்ற வைத்ததை ஊர் ஒரு மாதம் பேசிற்று. வெயிலுக்காக மரப்பட்டையை இழைத்து முகத்தில் பூசினால் கூத்தாடியாம். மூன்று வேளையும் கருவாடு தின்பவர்கள் அவள் அரைத்த மீன் விழுதைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கிழமை தலை முழுகலாம், யாரைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அவள் தப்பாகச் செய்யும்வரை காத்திருந்து சிரிப்பார்கள்.

சேவுகன் இருந்தவரை ஓர் அதட்டலில் வாயை அடைத்தான். இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று.

கருமாதிக்கு முதல் நாள் கண்ணாத்தாள் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஒனக்குத் தாலி எறக்கணும். அதுக்கு முன்னாடி பொறந்த வீட்டுக் கோடி விழணும். அண்ணன் தம்பி புதுச்சீலை கொண்டாந்து தோள்ல போடணும். ஒனக்கு யாரு இருக்கா?"

"யாரும் போடலேன்னா, அத்தை?"

"தாலி எறக்க மாட்டாக. எறக்காதவளை எம்மகன் பொண்டாட்டின்னு எந்த வாயால சொல்றது? எந்த மொறையில இந்த வீட்டுல இருப்பே?"

பெட்டியின் அடியில், புறப்படும்போது தாய் கொடுத்த, பர்மாப் பெண்கள் உடுத்தும் பட்டு லுங்கி ஒன்று உடுத்தாமலே கிடந்தது. பிறந்த வீட்டிலிருந்து வந்த துணி இதைத்தவிர வேறு ஏது? ஆனால் கோடித்துணியில் ஊசி பட்டிருக்கக் கூடாதாம். இடுப்பில் வைத்துத் தைத்த கறுப்புப் பட்டையைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். ஓரத் தையலை நூல் நூலாக உருவினாள்.

மறுநாள் துணியோடு வாசலுக்கு வந்தபோது பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துணி சரி. போடுறது யாரு?" என்றான் கொழுந்தன் ஆவுடையப்பன். "ஒனக்கு நீயே போட்டுக்குவியா?"

அழ வந்திருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

செங்கமலம் இருளாண்டியைத் தேடினாள். அவன் சேவுகனோடு அதே ஆலையில் மூட்டை தூக்கியவன். ரங்கூன் கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது அண்ணனாக நின்றவனும் அவன்தான். அவன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றான். அவனிடம் போய்த் துணியை நீட்டினாள்.

"அண்ணே, நீங்க போடுங்க."

கோடி போட்டவன் வீடுதான் இனி அவளுக்குப் பிறந்த வீடு. நாளை இவர்கள் துரத்தினால் கஞ்சி ஊற்ற வேண்டியவன் அவன். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருளாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எங்க வகையறா வேற, தாயி."

"அன்னைக்கு மாலை எடுத்துக் குடுத்தீகளே?"

"அது ரங்கூன், தாயி. இது ஊரு."

சொல்லிவிட்டு வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான். பிண்டம் கரைக்க நேரமாகிறது என்று பங்காளிகளும் எழுந்தார்கள். தாலியோடே அவளை உள்ளே போகச் சொன்னார்கள்.

அன்று மாலையே ஆவுடையப்பன் அவள் பெட்டியை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினான். கண்ணாத்தாள் தடுக்கவில்லை. சாணி அள்ளக் கூப்பிடும்போது மட்டும் அவள் அந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாள்.

தை பிறந்ததும் பக்கத்து வீட்டு மருதாயி, மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு தெருவில் வந்தாள். கொட்டகை வாசலில் நின்று செங்கமலத்தின் கழுத்தைப் பார்த்தாள்.

"தாலி கெடக்கு, புருஷனைக் காணோம். ஒன்னைய எந்தக் கணக்குல அழைக்கிறது, ரங்கூன்காரி? நீயே சொல்லு."

"கூப்பிட்டா வாரேன், அக்கா."

மருதாயி தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.