ஏழு மணிக்குள் வணக்கம்

படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் இருபத்தாறு வருஷம் வாட்ச்மேனாக நின்றவர் தேவசகாயம். வேலையை விட்டு நெம்மேலி வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. போவோர் வருவோரையெல்லாம் பெயர் கேட்டு எழுதிய மனிதரை, இப்போது ஏன் என்று கேட்க நாதியில்லை. மனைவி இறந்து இரண்டு வருஷம். மகள் ஓசூரில். நாலு நாள் கதவு திறக்காவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற பயம் உள்ளூர அவரை அரித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு செல்போன் வகுப்பு தொடங்கினார்கள். பதினோரு பேர் சேர்ந்தார்கள். பாடம் நடத்திய ஷாரோன் ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து, தினமும் காலை ஏழு மணிக்குள் அதில் வணக்கம் சொல்லிப் பேசி அனுப்புவதுதான் வீட்டுப்பாடம் என்றாள். அரைமணி முன்னாலேயே வந்து உட்காரும் தேவசகாயத்தை அட்மின் ஆக்கினாள். வந்தது வினை.

மனிதர் குரூப்பையும் கேட் என்றே நினைத்துவிட்டார். நோட்டில் கோடு போட்டு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதினார். யாரோ அனுப்பிய ரோஜாப்பூ படத்தை, எங்கிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டு அழித்தார். ஏழு தாண்டினால் அவர் குரல் வந்துவிடும்: "ஞானதாஸ் இன்னும் வரல. இன்னா சமாச்சாரம்?"

ரிட்டயரான லைன்மேன் ஞானதாஸுக்குக் கடுப்பு. "யோவ், இது இன்னா ஜெயிலா? பல்லு வெளக்கிகினு கீறேன்யா" என்று பதில் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள், திட்டவும் திட்டினார்கள். ஆனால் ஏழு மணிக்குள் வந்துவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மீன் விற்கும் முனியம்மா எட்டு வரை வரவில்லை. தேவசகாயம் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே கிளம்பிவிட்டார். போனைத் தண்ணீர்க் குடத்தில் போட்டுவிட்டு, அதை அரிசியில் புதைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் அந்தம்மா.

"இதுக்கா இம்மாந் தூரம் நடந்து வந்தே, அண்ணாத்த?" என்றவள், நாஸ்தா சாப்பிடாமல் அவரை விடவில்லை. விசாரிக்க வந்த ஞானதாஸுக்கும் இட்லி கிடைத்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருவர் வீட்டில் கூடுவது பழக்கமானது. தேவசகாயம் மட்டும் தன் வீட்டுக்கு யாரையும் கூப்பிடவில்லை. யார் வரப்போகிறார்கள் என்று அவருக்கு ஒரு கூச்சம்.

மூன்று மாத வகுப்பு ஒரு சனிக்கிழமை முடிந்தது. இனி வீட்டுப்பாடம் இல்லை, குரூப்பும் அவ்வளவுதான் என்று நினைத்து நினைத்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு ராத்திரி போனைச் சார்ஜில் போடக்கூட மனமில்லாமல் படுத்துவிட்டார்.

திங்கட்கிழமை யாரோ கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள். எழுந்து திறந்தார். வாசலில் முனியம்மா, அவளுக்குப் பின்னால் ஞானதாஸ், தெருவரைக்கும் வகுப்பு மொத்தமும்.

"மணி ஒம்போது ஆவுது. வணக்கம் எங்க? போனும் சுச்சாப்பு" என்றாள் முனியம்மா. திட்டத்தான் செய்தாள், ஆனால் அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"கிளாஸுதான் முடிஞ்சிபோச்சே" என்றார் தேவசகாயம்.

"அதுக்கு? நீ முடிஞ்சிட்டியா?" என்றார் ஞானதாஸ். "தள்ளுய்யா, உக்காரணும். கால் வலிக்குது."

தேவசகாயம் கதவை அகலத் திறந்துவிட்டார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். பத்துப் பேருக்கு வீட்டில் இருந்தது இரண்டே டம்ளர். கழுவிக் கழுவி டீ ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்தவர்களும் எழுந்து போகவில்லை.