பல்செட்டு அக்காவும் சாம்பல் தொப்பிக்காரனும்

பல்செட்டின் மேல்தாடையை இடது கையிலும் கீழ்த்தாடையை வலது கையிலும் பிடித்துக்கொண்டு, இரண்டையும் மெல்லக் கடிக்க விடுகிறார் அக்கா. டக். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை. டக். "பின்னாடி ஒண்ணு மட்டும் முந்திக்குது, கேக்குதா?" என்கிறார் என்னிடம். எனக்கு எல்லாம் ஒரே டக்காகத்தான் கேட்கிறது. நீலக் காகிதத் துண்டு ஒன்றை நடுவில் வைத்துக் கடிக்க விட்டு, நீலம் ஒட்டிய இடத்தைச் சின்னச் சக்கரத்தால் மயிரிழை அளவு தேய்த்துவிட்டு, "இப்ப வாய மூடு பாப்போம்," என்று பல்செட்டுக்கு உத்தரவு போடுகிறார். அது சமர்த்தாக மூடிக்கொள்கிறது.

பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறை. சுவர் முழுக்க அலமாரி. அதில் நம்பர் எழுதிய மாவுக்கட்டுத் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கின்றன. டாக்டர் அளவெடுத்து அனுப்புவதை வைத்துப் பல்செட் செய்வது இவர் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவரையும் இவர் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, மனிதர்களை முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள இவருக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டு எதிரே வந்தால் யாரோ என்று தாண்டிப் போய்விடுவார். சிரித்துவிட்டால் போதும், பெயர், வேலை, பிள்ளை எந்த வகுப்பு என்பது வரை சொல்வார். முதல் நாள் என்னையும் வாயில்தான் பார்த்தார். "ராத்திரில பல்லக் கடிப்பீங்களா சார்?" என்பதுதான் எங்களுக்குள் நடந்த அறிமுகம். கடிப்பேன். என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது.

இந்த அறைக்கு நான் பல்லுக்காகப் போகவில்லை. வேலை மேசையின் கீழ்த்தட்டில் இவர் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறார். திறந்தால் உள்ளே ஆறேழு பேர் அடிபட்டுக் கிடக்கிறார்கள். கையில்லாதவன், தலை தனியாக வந்தவன், முதுகில் விரிசல் விட்டவன். எல்லாம் நடுவிரல் நீளப் பிளாஸ்டிக் வீரர்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் நூலில் கட்டிய சீட்டு, அதில் சொந்தக்காரரின் பெயருக்குப் பதில் பல் அடையாளம். 'தெத்துப்பல்', 'இடுக்குப்பல் சார்' என்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பல்செட் செய்யும் அதே மாவையும் திரவத்தையும் குழைத்து இவர்களுக்குக் கையும் காலும் வளர்த்துவிடுகிறார். எல்லாம் ஈறு நிறத்தில்தான் இருக்கும். பொம்மைக்குப் பொருத்தமாகச் சாயம் பூசித் தரச்சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியாயிற்று. "அடிபட்டுப் பிழைச்சு வந்தவன்னு தெரிய வேணாமா? அதென்ன, மூடி மறைக்கறது," என்பதோடு பேச்சு முடிந்தது.

சொந்தக்காரர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், டயர் கடைக்கு மேலே இருக்கும் டியூஷன் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள். எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள். சிறுவயதில் விளையாடிய வீரர் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள். தலைவர் மாதிரி இருப்பவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர்தான் 'தெத்துப்பல்'. அறைக்குச் சொந்தக்காரரான இயற்பியல் ஆசிரியர் 'இடுக்குப்பல் சார்'. இவர்களைப் பற்றி நக்கலாக நாலு பத்தி எழுதலாம் என்றுதான் போனேன். போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், சின்ன வயதில் நான் தொலைத்த ஒற்றைக்கண்ணன் என்ற வீரனைப் பற்றி நானே கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தேன். நக்கல் போன இடம் தெரியவில்லை.

எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதுவரை வந்த பொம்மைகள் கையை நீட்டினால் நீட்டியபடியே இருக்கும். இவர்கள் சேர்க்கும் எட்டு வகை விண்வெளி வீரர்களும் அப்படி இல்லை. முழங்கை மடங்கும், முட்டி மடங்கும், தலை திரும்பும். அட்டையில் ஒட்டிய கண்ணாடி மூடிக்குள் ஆளுக்கொரு துப்பாக்கியோடு ஊரின் பெரிய கடையின் இரண்டாவது மாடிக்கு வந்து இறங்கினார்கள். என்றைக்கு வந்து இறங்கினார்கள் என்பதுதான் இந்தக் கூட்டத்தின் தீராத பேச்சு. மாதாமாதம் பேசுவார்கள். மெக்கானிக் சொல்வார்: "பரீட்சை முடிஞ்ச மறுநாள். ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கு. நான் குனிஞ்சு உள்ள போறேன்." ஆசிரியரும் அதே நாள், அதே ஷட்டருக்கு அடியில் குனிந்தவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்திருந்தால் தலை முட்டியிருக்குமே என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

அதே கூட்டத்துக்குப் போகும் பல்செட்டு அக்கா மட்டும் வேறு நாள் சொல்வார். அவர்கள் சொல்லும் நாளுக்கு இருபத்திரண்டு நாள் முன்னால்.

அவருக்கு அப்போது பத்து வயது. மாடிப்படியில் விழுந்து இடது முழங்கை உடைந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கிற அன்று அழாமல் இருந்தால் ஒரு பொம்மை என்று அம்மா பேசி வைத்திருந்தார். கட்டுப் பிரித்தால் கை மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. பயந்துபோய்விட்டது குழந்தை. அழாமல் கடைக்குப் போனார், பொம்மைகள் பக்கம் நின்றார். கண் மூடித் திறக்கும் பொம்மைகளுக்கு நடுவில் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒருத்தன் தொங்கிக்கொண்டிருந்தான். "அம்மா அந்த ஜடை போட்ட பொம்மைய எடுத்துக்கோங்கறாங்க. எனக்கு வேணாம். இவனுக்கு முழங்கை மடங்குது. எனக்கு மடங்கல," என்றார் என்னிடம். வீட்டுக்குப் போய் நாலு மாதம் இரண்டு பேரும் பயிற்சி செய்திருக்கிறார்கள். அவன் ஒரு தடவை மடக்குவான், இவர் ஒரு தடவை மடக்குவார். வலித்தால் அவன் காத்திருப்பான். கை வந்துவிட்டது. இன்றும் கடைசி இரண்டு விரற்கடை நீளாது, அவ்வளவுதான். தம்பி பந்தயம் கட்டி மாடியிலிருந்து குதிக்க விட்டதில் தொப்பிக்காரனுக்கு வலது முட்டிக்குக் கீழே போய்விட்டது.

ஏழு வருடம் முன்பு இந்தக் கூட்டத்துக்கு முதன்முதலாக வந்தபோது, அவனை எடுத்து மேசையில் படுக்க வைத்திருக்கிறார். நிற்க முடியாதே. ஆசிரியர் அன்பாகத்தான் கேட்டிருக்கிறார், "உங்க தம்பியோடதா?" என்று. என்னோடது என்று சொல்லி, நாளையும் சொன்னதும் அறை சிரித்திருக்கிறது. அடுத்த மாதம் கட்டுப் பிரித்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேதியோடு கொண்டுவந்து காட்டினார். மெக்கானிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கட்டு பிரிச்சதுக்கு ஆதாரம். பொம்ம வாங்கினதுக்கு இல்லியே," என்று கொடுத்துவிட்டார். அன்று கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்ட தொப்பிக்காரனை அவர் திரும்ப மேசையில் வைத்ததே இல்லை. மற்றவர்கள் தங்கள் வீரர்களை வரிசையாக நிறுத்த, இவர் ஓரத்து பெஞ்சில் அரத்தை வைத்துக்கொண்டு அடுத்தவர் பொம்மைக்கு விரல் செதுக்கிக்கொண்டிருப்பார்.

"பொய் சொல்றேன்னு சொன்னா சண்ட போடலாம் சார். ஞாபகப் பிசகுங்கறாங்க. அதுக்கு நான் என்ன பண்ண? கொஞ்ச நாள் கழிச்சு எனக்கே சந்தேகம் வந்துடுது, அப்படி ஒரு நாள் இருந்துச்சான்னு." சக்கரத்தை நிறுத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். ஊராருடைய வீரர்களுக்கெல்லாம் கால் வைக்கிறீர்களே, உங்கள் ஆளுக்கு ஒரு கால் வைத்தால் என்ன என்று கேட்டேன். "அவன் நிக்க வேண்டிய அவசியம் வரலையே," என்று மறுபடி சக்கரத்தைப் போட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உள்ளுக்குள் மெக்கானிக் பக்கம்தான் மனது சாய்ந்திருந்தது. அவர் தேதிகளைக் குறித்த நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்களை நான் சுலபத்தில் நம்பிவிடுவேன்.

போன மாதம் விஷயம் முற்றியது. நகர நூலகத்தில் ஒரு வாரம் கண்காட்சி வைக்க இவர்களுக்கு இடம் கிடைத்தது. நுழைவாயிலில் பெரிய பலகை. வீரர்கள் கடைக்கு வந்த நாள், முதலில் வாங்கியவர் யார் என்று அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அதுதான் வரலாறு. மெக்கானிக் நேர்மையான மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று, அந்தக் கடையின் பொம்மைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் டியூஷன் அறைக்கு வரும்படி நூலக வாசலில் நோட்டீஸ் ஒட்டினார். அந்த ஞாயிறு நானும் இருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா, படியேறிய மூச்சு வாங்க, வந்து உட்கார்ந்தார். பேசும்போது அவர் பல்செட் டக் டக்கென்று சத்தம் போட்டது. ஓரத்து பெஞ்சில் அக்கா உடனே நிமிர்ந்து பார்த்தார், பல்லைத்தான்.

"பரீட்சை முடிஞ்ச மறுநாள்தானம்மா முதல் பெட்டி வந்துச்சு?" என்றார் மெக்கானிக், சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு.

"அதுக்கு முன்னாடியே வந்துடுச்சுப்பா. மூணு வாரம் இருக்கும். நான்தான பிரிச்சேன்."

"அப்ப நாங்க யாருமே பாக்கலையே," என்றார் ஆசிரியர்.

"எப்படிப் பாப்பீங்க? நீங்கள்லாம் கார், துப்பாக்கின்னு அந்தக் கோடியில ஓடுவீங்க. நான் இத பொம்மைங்களோட மாட்டிட்டேன். கை இருக்கு, கால் இருக்கு, மூஞ்சி இருக்கு. பொம்மதான? சூப்பர்வைசர் லீவுல இருந்தாரு. திரும்பி வந்து பாத்துட்டு, 'ஏம்மா, சிப்பாய்ங்கள கொண்டுபோய் தொட்டில் பக்கத்துல மாட்டி வச்சிருக்கியே'ன்னு கத்தினாரு. அன்னைக்குச் சாயங்காலம்தான் அந்தப் பக்கம் மாத்தினேன். மறுநாள் ஷட்டர் தூக்கறதுக்குள்ள பசங்க புகுந்துட்டாங்க."

மெக்கானிக்கும் ஆசிரியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் பக்கம் என்று அந்த வயதில் எட்டிக்கூடப் பார்க்காத இடம். மூன்று வாரம் அங்கேதான் தொங்கியிருக்கிறார்கள் எட்டு பேரும்.

"அந்த மூணு வாரத்துல யாராவது வாங்கினாங்களாம்மா?" மெக்கானிக்கின் குரல் இறங்கிவிட்டது. அக்காவைப் பற்றி அந்த அம்மாவிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பெஞ்சில் அரம் நின்றுபோயிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு போச்சு. ஒரு பொண்ணு. ஒரு கை மட்டும் உரிச்ச மாதிரி வெளுத்து, குச்சியா இருந்துச்சு. அட்டைய கிழிச்சு இவனுக்கு முழங்கை நெசமா மடங்குதான்னு காட்டுங்கன்னுச்சு. கிழிக்கக் கூடாது, ஆனா அது கேட்ட விதம்... நான் கத்திரிய எடுத்துட்டேன்."

அக்கா எழுந்து வந்தார். இடது கையை அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டினார், அது நீளும் மட்டும். கடைசி இரண்டு விரற்கடையில் நின்றுவிட்டது.

அந்த அம்மா அந்தக் கையைப் பிடித்து, முழங்கையைத் தடவிப் பார்த்தார். "இன்னும் முழுசா நீளலையா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்மா," என்றார் அக்கா. மெக்கானிக் கரும்பலகைக்குப் போய், தான் எழுதியிருந்த தேதியை உள்ளங்கையாலேயே அழித்தார். பிறகு திரும்பி, "அக்கா, அந்தச் சீட்டு இருக்கா? தேதி பாத்துக்கணும்," என்றார். ஏழு வருடத்தில் அவர் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று ஆசிரியர் பிற்பாடு சொன்னார். அதுவரை மேடம்தான்.

நன்றி சொல்லும் பழக்கம் அக்காவிடம் கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பல்ல கழட்டிக் குடுங்க. ரொம்ப ஆடுது," என்றார். அந்த அம்மா கூச்சப்பட்டு முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு கழற்றித் தர, அங்கேயே நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்க விட்டு, தேய்த்து, டக் என்ற சத்தத்தை ஒரு வழியாகக் குறைத்தார். மீதியைப் பட்டறையில் பார்க்க வேண்டும் என்று வரச்சொல்லி நாளும் குறித்துக் கொடுத்தார்.

கண்காட்சி திறக்கும் நாள் காலையில் நூலகத்துக்கு நான் சீக்கிரமே போய்விட்டேன். வாயிற்பலகையில் புதுத் தேதி. கண்ணாடி மேசையில் இருபது முப்பது வீரர்கள் அணிவகுத்து நிற்க, முன்வரிசை நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. மெக்கானிக் தன் ஆளை அங்கிருந்து எடுத்து இரண்டாவது வரிசைக்குத் தள்ளியிருந்தார். அக்கா வந்தார், கைப்பையைத் திறந்தார், கைக்குட்டையைப் பிரித்தார். சாம்பல் தொப்பிக்காரனுக்கு வலது முட்டிக்குக் கீழே ஈறு நிறத்தில் பளபளவென்று ஒரு புதுக்கால், பூட்ஸின் மடிப்பு உட்படச் செதுக்கியது. அவனை அந்த இடத்தில் நிறுத்தினார். நடக்கப் பழகும் குழந்தையைச் சுற்றிப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் அவனுக்கு இருபுறமும், தொடாமல், சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு வலது கையை எடுத்தார். அப்புறம், மெதுவாக, இடது கையை.