வாயை அசைத்தால் போதும்

குற்றாலத்தில் அருவிக்கரைக் கடையின் ஜெனரேட்டர் எண்ணெய் வாசம் அடித்ததும் அம்மா நினைவில் வந்துவிட்டாள். தென்காசி நெசவு மில்லிலிருந்து அவள் அந்த வாசத்தோடும் தலை நிறையப் பஞ்சோடும்தான் வருவாள். தறிகளின் இரைச்சலில் அங்கே பெண்கள் உதட்டசைவாலேயே ஊர்க்கதை பேசுவார்கள். அந்த இரைச்சல் மெல்ல மெல்ல அம்மாவின் காதைத் தின்றுவிட, வீட்டிலும் நாங்கள் அப்படியே பேசப் பழகினோம்.

சின்ன வயதில், ஒரு சீசனில் இதே அருவிக் கூட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டேன். எண்ணெய் வழியும் முதுகுகளுக்கு நடுவே நின்று அலறினேன். என் அலறல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்கோ காதே கிடையாது. அநாதை விடுதியில் இட்லி போடுவார்களா என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, ஈரத்தலையோடு, அவள் உதடுகள் அசைந்தன: “அங்கனயே நில்லுலே, வாரேன்.”

வந்ததும் முதுகில் ஒன்று வைத்தாள். “எதுக்குலே தொண்டை கிழியக் கத்துத? வாயை அசைச்சாப் போதாதா?”

மில் இப்போது கல்யாண மண்டபம். அவளும் போன மாதம் போய்விட்டாள். இன்று அதே இடத்தில் நின்று, பெண்கள் பக்கமாகப் பார்த்து, சத்தமில்லாமல் ‘அம்மா’ என்று வாயை அசைத்தேன். அசைத்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்திலிருந்தவர் தோளைத் தொட்டார். “அண்ணாச்சி, ரொம்பக் குளிருதோ?”

ஆமாம் என்று தலையாட்டினேன்.