சிறகோரம் கடிபட்ட ஈக்கள்

நான் ஆராய்ச்சி செய்வது ஈக்களை வைத்து. இதைச் சொன்னால் எங்கள் ஊர் திருத்தணியில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "சோத்துல வந்து உக்காருமே, அதுவா?" என்பார்கள். அது இல்லை. அழுகின வாழைப்பழத்தைச் சுற்றி எள்ளளவில் பறக்குமே, அந்தப் பழ ஈ. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று விட்டு வெகுநாளாகிறது.

என் ஈக்களுக்குச் சிறகின் ஓரம் யாரோ கடித்துவிட்ட மாதிரி இருக்கும். சிறகுக்கான மரபணு கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. டி.என்.ஏ.வில் சில துண்டுகள் ஓரிடத்தில் நிற்காமல், கிளம்பிப் போய் வேறிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஒரு துண்டு அந்த மரபணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. மரபணு நன்றாகத்தான் இருந்தது. புழு, கூட்டுப்புழுவாகிச் சிறகு வளர்க்கிற நேரத்தில் அதை முழுசாக வேலை செய்யவிடாமல் இந்தத் துண்டுதான் அமுக்கியது. இதை நிரூபிப்பதுதான் என் முனைவர் பட்டம்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். நைனா கே.ஜி.கண்டிகைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் சாப்பிடும்போது அந்தத் துண்டு எப்படி அமுக்கும் என்று கேட்டார், சொன்னேன்: "ஒருத்தன் வூட்டு கேட்டுக்கு முன்னால நீ ஆட்டோவ நிறுத்திட்டா, உள்ள இருக்கறவன் நல்லாத்தான் இருப்பான். ஆனா வெளிய வர முடியாது இல்ல, அந்த மாதிரி."

"ஆரன் அடிச்சா எடுத்துட்டுப் போறேன்," என்றார் நைனா.

மே மாதம் சென்னையில் எங்கள் ஆய்வகத்துக்கு மின்கம்பி மாற்றப்போகிறோம் என்று பூட்டிவிட்டார்கள். இந்த ஈக்களின் ஒரு பகுதியைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் கண்ணாடிக் குழாய்களில் பஞ்சடைத்து, மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு திருத்தணி வந்தேன். தோழியிடம் இருந்தவை பூஞ்சை பிடித்துச் செத்தன. உலகத்தில் இந்த ஈக்கள் இருந்தது அப்புறம் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் மட்டும்தான்.

ஈக்களுக்கு ரவையும் வெல்லமும் ஈஸ்டும் சேர்த்துக் கிண்டி ஊற்ற வேண்டும். கெட்டுப்போன பாயசம் மாதிரி வீடே நாறியது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். எறும்புதான் விடவில்லை, வெல்ல வாசனைக்குச் சாரைசாரையாக வந்தது. எறும்பு ஏறாமலிருக்கக் குழாய்கள் இருந்த தட்டைத் தண்ணீரில் வைத்திருந்தேன். ஒருநாள் ரவை வாங்கக் கடைக்குப் போனபோது அந்தத் தண்ணீர் வற்றிவிட்டது.

திரும்பி வந்தால் நைனா அலமாரி முன்னால் பெருமையாக நிற்கிறார். கையில் எறும்பு மருந்து சாக்பீஸ். தட்டைச் சுற்றிக் கோடு. அதோடு விட்டாரா? ஒவ்வொரு குழாயின் வாயிலும், பஞ்சின் மேலேயும் நன்றாகத் தேய்த்திருந்தார்.

"ஒரு எறும்பு கூட இல்ல பாரு," என்றார்.

எறும்பு இல்லைதான். ஈக்களும் மல்லாந்து கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தூள் உள்ளே உதிர்ந்திருந்தது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. "உன்ன யாரு இத தொடச் சொன்னது? என் படிப்பே இதுலதான கீது. எல்லாம் போச்சி," என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நைனா சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"நல்லதுன்னு நெனச்சித்தான்டி பண்ணிகினு இருந்தாரு அந்த மனுசன்," என்றாள் அம்மா. எனக்குக் காதில் ஏறவில்லை.

அழுவதற்குக்கூட நேரமில்லை. பெரிய ஈக்கள் செத்தாலும் குழாயின் சுவரில் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன. அவற்றின் ஓடு தடிப்பு. விஷம் உள்ளே போயிருக்காது என்று ஒரு நம்பிக்கை. தூரிகையைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, கழுவி, புதுக் குழாயில் வைத்தேன். முதுகு விண்டுபோயிற்று. விடுவதாயில்லை.

அடுத்த தொல்லை வெயில். எங்கள் வீட்டுக்கு சிமென்ட் ஷீட் கூரை. மத்தியானத்தில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டில் ஈ பிறந்தாலும் மலடாகிவிடும். ஒரு மண்பானைக்குள் குழாய்களை இறக்கி, வெளியே ஈரக் கோணியைச் சுற்றினேன். கோணி காயக் காய நனைக்க வேண்டும். நான் உணவு கிண்டிவிட்டு வந்து பார்த்தால், நைனா சொம்போடு பானை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். மத்தியானச் சவாரியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அன்று மட்டுமல்ல, ஆய்வகம் திறக்கும்வரை தினமும் வந்தார். பானையைத் தொடமாட்டார், கோணிமேல் மட்டும் ஊற்றுவார். என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கொஞ்சம்தான் பிழைத்தன. ஆனால் ஆணும் பெண்ணும் இருந்தன, எல்லாவற்றுக்கும் சிறகோரம் கடிபட்டிருந்தது. குதிக்காத குறையாக என் வழிகாட்டி அம்மையாருக்குப் போன் போட்டேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. "சூடு, விஷம் இதெல்லாம் பட்டிருக்கு. இந்த மாதிரி கஷ்டத்துல அந்தத் துண்டுங்க இடம் மாறலாம்னு உனக்கே தெரியும். சிறகு அதே மாதிரி இருக்குங்கறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, துண்டு மரபணுவக் கெடுத்துட்டுப் போயிருந்தாலும் சிறகு இப்படித்தான் இருக்கும். இத விட்டுட்டு வேற ஈ எடுத்து முதல்லேர்ந்து ஆரம்பிம்மா."

"துண்டு அங்கேயே இருக்கான்னு பாத்துட்டு விடுறேன் மேடம்," என்றேன்.

"இல்லன்னா?"

"இல்லன்னா முதல்லேர்ந்துதான். ஆனா பாக்காம விடமாட்டேன்."

பக்கத்தில் கோணி நனைத்துக்கொண்டிருந்த நைனா காதில் நான் சொன்னது விழுந்திருக்க வேண்டும். சொம்பை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆய்வகம் திறந்ததும் அந்த ஈக்களுக்குப் பிறந்த ஈக்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்தேன். மரபணுவுக்குப் பக்கத்து இடத்தை மட்டும் நகலெடுத்து, ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டேன். துண்டு அங்கேயே இருந்தால் நகல் நீளமாகி மெதுவாக நகரும், கோடு மேலே நிற்கும்; போயிருந்தால் கீழே இறங்கும். விளக்கைப் போட்டேன். ஒவ்வொரு ஈக்கும் கோடு மேலேதான் நின்றது. நம்பாமல் வேறு ஈக்களை எடுத்து மறுபடியும் செய்தேன். அப்போதும் மேலேதான். படத்தைப் பார்த்த அம்மையார், "சரி, இதையே வச்சு மேல போ," என்றார்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது நைனா. அம்மாவிடம் கொடுக்கப் போனார்.

"உங்கிட்டதான் நைனா பேசணும். ஈங்க நல்லா கீது. அந்தத் துண்டு எங்கயும் போவல, இருந்த எடத்துலயே கீது. இத வச்சே படிக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க."



"அப்ப," என்றார் நைனா, "உன் படிப்ப நான் கெடுக்கலயா பாப்பா?"